உமர்தம்பி: வானொலிப் பழுதுநீக்கத்திலிருந்து தமிழ்க் கணிமைக்கு

உமர்தம்பி (15 சூன் 1953 – 12 சூலை 2006) தமிழ்க் கணிமையின் முன்னோடிகளுள் ஒருவர். தஞ்சாவூர் மாவட்டத்தின் கடலோர ஊரான அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவர். கல்லூரியில் இவர் பயின்றது விலங்கியல். வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது நீக்குவதைத் தொழிலாகக் கொண்டு, அங்கிருந்து கணினி வன்பொருளுக்கும், வலையமைப்புப் பராமரிப்புக்கும், இறுதியில் மென்பொருள் ஆக்கத்துக்கும் தம் சொந்த முயற்சியால் வந்து சேர்ந்தார். இவர் உருவாக்கிய 'தேனீ' என்னும் ஒருங்குறி இயங்கு எழுத்துரு, 2000களின் முற்பகுதியில் தமிழ் வலைப்பதிவுகள் பரவ உதவிய கருவிகளுள் ஒன்று. எழுத்துரு, குறியேற்ற மாற்றி, தட்டச்சுக் கருவி, செய்தியோடை உருவாக்கி ஆகிய அனைத்தையும் இவர் இலவசமாகவே வழங்கினார்.

இன்று கைப்பேசியில் தமிழ் படிப்பவருக்கு எழுத்துரு என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. உமர்தம்பியின் பணியை மதிப்பிட, அன்று தமிழ் எழுத்து கணினித் திரையில் தெரிவதில் இருந்த தடைகளையும் அவை நீங்கிய விதத்தையும் அறிவது தேவை. இக்கட்டுரை அவ்விரண்டையும் சேர்த்தே விளக்குகிறது.

பழுதுநீக்கும் மேசையில் கற்ற பாடம்

விலங்கியல் பட்டம் பெற்ற உமர்தம்பிக்கு மின்னணுவியலில் ஆர்வம் மிகுதி. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சீராக்கும் தொழிலைக் கற்று, சொந்த ஊரிலேயே அத்தொழிலைச் செய்தார். பிறகு 1980களில் வேலை தேடித் துபாய் சென்றார். அங்கு அல்புத்தைம் குழுமத்தின் மின்னணுப் பிரிவில் தொலைக்காட்சி, வானொலிக் கருவிகளைப் பழுது நீக்குபவராகச் சேர்ந்தார். அலுவலகங்களில் கணினி நுழைந்த காலத்தில் அதையும் கற்றுக்கொண்டு, கணினி மற்றும் வலையமைப்புகளைப் பராமரிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். பல ஆண்டுகள் அங்கே பணியாற்றிய பின், 2000களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியைச் சரிசெய்பவர் செய்யும் வேலை என்ன? பெட்டியில் ஒலி வருகிறது, படம் வரவில்லை. உடனே மின்வழங்கி பழுதில்லை என்பது தெரிந்துவிடும்; ஒலிக்கும் படத்துக்கும் குறிப்பலை பிரிகிற இடத்துக்கு அப்பால்தான் குறை இருக்க வேண்டும். சுற்றின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, குறிப்பலை எந்த இடம் வரை சரியாக வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று ஒவ்வொரு கட்டமாக அளந்து பார்ப்பார். குறை எங்கே இல்லை என்பதை முதலில் முடிவு செய்து, இருக்கக்கூடிய இடத்தைச் சுருக்கிக்கொண்டே போவதுதான் முறை.

கணினி நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கும் முறையும் இதுதான். உள்ளே கொடுத்த தரவு எந்தக் கட்டம் வரை சரியாக இருக்கிறது, எந்தக் கட்டத்தில் மாறிவிடுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுருக்குவதே நிரலாளரின் வேலையில் பெரும்பங்கு. வன்பொருளில் பழகிய கை மென்பொருளுக்கு எளிதாக மாறியதற்கு இந்த ஒற்றுமை முக்கியமான காரணம். உலக அளவிலும் கணினித் துறையின் தொடக்க காலத்தில் வானொலிப் பழுதுநீக்கத்திலிருந்து வந்தோர் பலர் இருந்தனர்.

எழுத்துக்கு எண்: பழைய குறியேற்றங்கள்

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் ஒப்பந்தத்துக்குக் குறியேற்றம் என்று பெயர். அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு.

1980, 1990களில் பயன்பட்ட குறியேற்றங்கள் 8 பிட் கொண்டவை. 8 பிட்டில் 256 இடங்களே உண்டு. முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் எடுத்துக்கொண்டன. மீதி 128. தமிழ் எழுத்துகளோ 247. கிரந்த எழுத்துகள் தனி. எனவே எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினார்கள். 'கொ' என்பதற்குத் தனி இடம் இல்லை. கொம்பு ஒரு எண், 'க' ஒரு எண், கால் ஒரு எண் என மூன்று துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் 'கொ' தெரியும். தட்டச்சுப்பொறியில் எழுத்தை அடுக்குவது போன்ற ஏற்பாடு இது.

இந்த அடுக்கு முறையை ஒவ்வொரு எழுத்துரு ஆக்கியவரும் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டதுதான் சிக்கலின் வேர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழைப் பொருத்தினர். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெரிதும் புழங்கிய பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது 'அம்மா' என்று தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள் பொருளற்றுக் கிடக்கும். மதுரையில் அடித்த கடிதத்தைச் சிங்கப்பூரில் திறந்தால் படிக்க முடியாது. அதே எழுத்துருவையும் கூடவே அனுப்ப வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இரு பெரிய முயற்சிகள் நடந்தன. ஒன்று, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி உருவாக்கிய தகுதரம் என்னும் 'திஸ்கி' குறியேற்றம். மற்றொன்று, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற 'டாம்', 'டாப்' குறியேற்றங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். குழப்பம் குறைந்தது, ஆனால் நீங்கவில்லை. ஒரே குறியேற்றத்துக்குப் பதில் இப்போது சில பொதுக் குறியேற்றங்களும், ஏராளமான தனிக் குறியேற்றங்களும் புழங்கின.

ஒருங்குறி வந்தும் தீராத தடை

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'க' என்றால் எங்கும் 2965தான். ஆங்கிலத்தோடும் இந்தியோடும் சீனத்தோடும் இடம் மோதாது.

ஒருங்குறியின் அணுகுமுறை வேறு. வடிவத் துண்டுகளை இது அடுக்குவதில்லை. எழுத்தின் ஒலி வரிசையை வைத்துக்கொள்கிறது. 'கொ' என்பது க (2965), அதன்பின் ஒகரக் குறி (3018) என இரண்டு எண்கள். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்கும் வேலையை இயங்குதளமும் எழுத்துருவும் சேர்ந்து செய்ய வேண்டும். 'கு', 'டி', 'மூ' போன்றவற்றுக்கு உரிய தனி வடிவத்தை எடுத்துப் போடுவதும் அவற்றின் பொறுப்பே. இதற்குத் தேவையான மாற்று அட்டவணை எழுத்துருவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

இங்கேதான் புதிய தடை முளைத்தது. தமிழ் ஒருங்குறியைக் கையாளும் திறன் மைக்ரோசாப்ட் இயங்குதளங்களில் விண்டோசு 2000இல்தான் முதலில் வந்தது. 'லதா' எழுத்துரு அதனுடன் வந்தது. 2001இல் வந்த விண்டோசு எக்சுபியில் திறன் இருந்தும், பயனர் அமைப்புகளுக்குள் சென்று, நிறுவல் குறுந்தகட்டைப் போட்டு, அதை இயக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வீடுகளிலும் ஊர்ப்புற இணைய நிலையங்களிலும் இருந்தவற்றில் பெரும்பாலானவை விண்டோசு 98 கணினிகள். அவற்றில் தமிழ் ஒருங்குறி எழுத்துரு கிடையாது. ஒருங்குறியில் எழுதிய பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். இணைய நிலையத்தில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர், கடைக்காரரின் கணினியில் எழுத்துருவை நிறுவிக்கொள்ளவும் முடியாது.

எழுதுபவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. பழைய குறியேற்றத்தில் எழுதினால் இன்று சிலர் படிப்பார்கள், தேடுபொறியில் அகப்படாது, நாளை யாரும் படிக்க முடியாமல் போகலாம். ஒருங்குறியில் எழுதினால் நாளை எல்லோரும் படிப்பார்கள். இன்று படிக்க ஆளில்லை. 2003ஐ ஒட்டித் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கியபோது ஒவ்வொரு பதிவரும் இந்த இக்கட்டைச் சந்தித்தார். தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதே 2003இல்தான்.

தேனீ இயங்கு எழுத்துரு

இந்த இக்கட்டுக்கு உமர்தம்பி தந்த விடைதான் தேனீ. இயங்கு எழுத்துரு என்பது வாசகரின் கணினியில் நிறுவப்படுவதன்று; வலைப்பக்கத்துடன் சேர்ந்து வந்து, அந்தப் பக்கத்தைக் காட்ட மட்டும் பயன்பட்டு நின்றுகொள்வது.

இதன் தொழில்நுட்ப அடிப்படை 1997இல் வெளிவந்த இன்டர்நெட் எக்சுபுளோரர் 4 உலாவியிலேயே இருந்தது. எழுத்துருக் கோப்பைச் சுருக்கி, வலையில் வைக்கத்தக்க வடிவமாக மாற்றும் கருவி ஒன்றையும் மைக்ரோசாப்ட் வழங்கியது. வலைப்பக்கத்தின் நடைதாளில் சில வரிகளைச் சேர்த்து, 'இந்தப் பெயருள்ள எழுத்துரு இந்த முகவரியில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால், உலாவி அதைத் தானே இறக்கிக்கொள்ளும். வாசகர் எதையும் செய்ய வேண்டியதில்லை. அவருக்கு இது தெரியவும் தெரியாது.

பழைய குறியேற்றத்தில் அமைந்த இயங்கு எழுத்துருக்களைத் தமிழ்ச் செய்தித்தளங்கள் சில ஏற்கெனவே பயன்படுத்தி வந்தன. உமர்தம்பி அந்த உத்தியை ஒருங்குறியுடன் இணைத்தார். புதிய உலாவிகளுடன் எழுத்தைக் கோத்துக் காட்டும் திறன் வந்துவிடுகிறது. குறைவது எழுத்துரு மட்டுமே. அந்த எழுத்துருவைப் பக்கமே கொண்டுவந்துவிட்டால் பழைய கணினியிலும் ஒருங்குறித் தமிழ் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டியில் குறை இருக்கும் கட்டத்தைச் சுருக்கிக் காண்பது போன்ற தீர்வு இது. முழு இயங்குதளத்தையும் மாற்றத் தேவையில்லை என்பதைக் கண்டு, குறைந்த ஒரு பாகத்தை மட்டும் கொடுத்தார்.

ஒரு தமிழ் ஒருங்குறி எழுத்துருவை உருவாக்குவது சிறு வேலையன்று. ஒவ்வொரு எழுத்தின் வெளிக்கோட்டையும் வரைய வேண்டும். சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியுமாறு கோடுகளின் தடிமனையும் இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும். உகர, ஊகார வரிசைகளின் வடிவங்களைத் தனியே வரைந்து, மாற்று அட்டவணையில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கோப்பும் சிறியதாக இருக்க வேண்டும். அன்று தொலைபேசி வழி இணைப்பில் சில நூறு கிலோபைட்டுகள் இறங்கவே நிமிடக்கணக்காகும். தேனீ இவற்றைச் சமாளித்தது. தமிழ் வலைப்பதிவர்கள் தங்கள் பதிவின் வார்ப்புருவில் சில வரிகளை ஒட்டி அதைப் பயன்படுத்தினர்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. அந்தக் கோப்பு வடிவத்தை இன்டர்நெட் எக்சுபுளோரர் மட்டுமே ஏற்றது. பிற உலாவிகளில் தேனீ வேலை செய்யாது. வலை எழுத்துரு என்னும் கருத்தை எல்லா உலாவிகளும் ஏற்கும் நிலை பிறகுதான் வந்தது: பயர்பாக்சு 2009இல் வந்த 3.5 பதிப்பில் அதை ஏற்றது; எல்லோருக்கும் பொதுவான 'வோஃப்' வடிவத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2012இல் தரமாக அறிவித்தது. இன்று தமிழ்ச் செய்தித்தளங்கள் தமக்கென அழகிய எழுத்துருக்களைப் பக்கத்துடன் அனுப்புகின்றனவே, அந்த ஏற்பாடும் தேனீ செய்ததும் கருத்தளவில் ஒன்றுதான்.

குறியேற்ற மாற்றி: கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

புதிதாக எழுதுபவர்களுக்கு இயங்கு எழுத்துரு போதும். ஏற்கெனவே பழைய குறியேற்றங்களில் எழுதிக் குவித்த கதைகளையும் கட்டுரைகளையும் என்ன செய்வது? மறுபடி தட்டச்சு செய்ய இயலாது. எனவே மாற்றிகள் தேவைப்பட்டன. உமர்தம்பி இத்துறையிலும் கருவிகள் ஆக்கினார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது எண்ணுக்கு எண் மாற்றும் வேலை. செய்து பார்ப்பவருக்குத்தான் சிக்கல் புரியும். பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். ஒருங்குறியில் அது எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். ஆகவே மாற்றி, கொம்பைக் கண்டவுடன் நிறுத்திவைத்து, அடுத்த மெய்யைப் படித்து, அதற்கும் அடுத்ததாகக் கால் வருகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கொம்பு, க, கால் என்னும் மூன்றையும் சேர்த்து 'கொ' என்று முதலில் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொம்பையும் ககரத்தையும் மட்டும் 'கெ' என்று மாற்றிவிட்டால், கால் தனியே எஞ்சும். நீளமான சேர்க்கையை முதலிலும் குறுகியதைப் பிறகும் மாற்றுக என்பது இத்தகைய நிரல்களின் அடிப்படை விதி.

விதியைக் கடைப்பிடித்தும் தப்பிவிடும் பிழை ஒன்று உண்டு. பாமினி போன்ற குறியேற்றங்களில் ஔகாரத்தின் பின்பகுதிக்குத் தனிக் குறி கிடையாது, ளகரத்தையே போட்டுக்கொள்வார்கள். அப்படியானால் கொம்பு, க, ள என்னும் மூன்று குறிகள் 'கௌ' என்ற ஓரெழுத்தா, 'கெள' என்ற ஈரெழுத்தா? மாற்றிக்குத் தெரியாது. 'கௌரவம்' என்னும் சொல்லில் அது ஓரெழுத்து. 'தெளிவு' என்னும் சொல்லில் இகரக் குறி அடுத்து வருவதால் அது ளகரம் என்று ஊகிக்கலாம். 'வெளவால்' என்று ஈரெழுத்தாக வந்ததை 'வௌவால்' என்று திருத்த வேண்டும். ஆனால் 'வெளவெளத்து' என்பதில் ளகரம் உண்மையான ளகரமே. சொல்லை அறிந்தால்தான் எழுத்தை அறிய முடியும்.

இதன் தடம் இன்றும் இணையத்தில் இருக்கிறது. 'கௌரவம்', 'மௌனம்', 'பௌர்ணமி' என்னும் சொற்களைப் பல பக்கங்களில் ககரம், மகரம், பகரத்தோடு எகரக் குறியும் தனி ளகரமும் சேர்ந்தவையாகக் காணலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடுபவர் சரியான எழுத்தில் தேடினால் அந்தப் பக்கம் அகப்படாமல் போகலாம். அகரவரிசைப்படுத்தினால் சொல் தவறான இடத்தில் போய் விழும். பழைய குறியேற்றத்தின் ஒரு சிக்கனம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தமிழ்ச் சொல்லைப் பிழையாக நிறுத்தியிருக்கிறது. மாற்றி எழுதுபவர் நிரல் அறிவோடு இலக்கணத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

தட்டச்சும் செய்தியோடையும்

படிப்பதற்கு வழி செய்தாயிற்று; எழுதுவதற்கும் வழி வேண்டும். தமிழ் விசைப்பலகை பழகாதவர்கள், ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழ் அடிக்கும் முறையை விரும்பினர். உலாவியிலேயே இயங்கும் ஒலிபெயர்ப்புத் தட்டச்சுக் கருவியை உமர்தம்பி உருவாக்கினார். அதை வலைப்பக்கத்தில் வைத்துவிட்டால், எந்த மென்பொருளையும் நிறுவாமல் ஒருங்குறியில் எழுதலாம். இணைய நிலையத்துக் கணினியை நம்பியிருந்தவர்களுக்கு இது மிகப் பயன்பட்டது.

அடுத்து, எழுதியது வாசகரைச் சென்றடைய வேண்டும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. இத்தகைய திரட்டிகள் ஒவ்வொரு தளத்தின் செய்தியோடையைப் படித்தே இயங்குகின்றன. தலைப்பு, சுருக்கம், முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஒழுங்கில் எழுதிய சிறு கோப்புதான் செய்தியோடை. அதைத் தானே உருவாக்கித் தராத தளங்களை நடத்தியவர்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. ஒரு குறி தவறினாலும் கோப்பு முழுதும் செல்லாது. இதை எளிதாக்கும் ஓடை உருவாக்கியையும் உமர்தம்பி வழங்கினார்.

எழுதும் கருவி, காட்டும் எழுத்துரு, பழையதைப் புதுப்பிக்கும் மாற்றி, பரப்பும் ஓடை. இந்நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு தமிழ் எழுத்து எழுதுபவரின் விரலிலிருந்து வாசகரின் கண் வரை செல்லும் பாதை முழுவதும் தெரியும். அந்தப் பாதையில் தடை இருந்த இடங்களிலெல்லாம் அவர் ஏதேனும் ஒன்றைச் செய்திருக்கிறார்.

பிற துறையினர் வளர்த்த கணிமை

தமிழ்க் கணிமையில் இப்படி வேறு துறையிலிருந்து வந்தவர் உமர்தம்பி ஒருவர் மட்டும் அல்லர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளத்தில் தமிழை இடம்பெறச் செய்த நா. கோவிந்தசாமி, தமிழ் கற்பித்த விரிவுரையாளர், சிறுகதை எழுத்தாளர். 'மயிலை' எழுத்துருவை ஆக்கி, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். 'முரசு' மென்பொருளைத் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறன், 'எ-கலப்பை'யைத் தந்த முகுந்த், குறியேற்ற மாற்றிகளால் அறியப்பட்ட சுரதா யாழ்வாணன் எனப் பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து உழைத்தனர்.

பெருநிறுவனங்கள் அன்று தமிழைப் பெரிய சந்தையாகக் கருதவில்லை. எனவே தமிழ் திரையில் தெரிவது, மாலை நேரங்களில் தம் கைக்காசையும் ஓய்வையும் செலவிட்டவர்களின் பொறுப்பாயிற்று. இவர்களிடையே போட்டி இருந்ததுபோலவே பகிர்வும் இருந்தது. ஒருவர் ஆக்கிய எழுத்துருவை மற்றவர் சோதித்தார். ஒருவர் எழுதிய மாற்றியின் பிழையை மற்றவர் சுட்டினார். உமர்தம்பி தாம் கற்றவற்றை எளிய தமிழில் கட்டுரைகளாகவும் எழுதிப் பகிர்ந்தார்.

தாமாகக் கற்பதன் வலிமையும் எல்லையும்

'தாமாகக் கற்றவர்' என்னும் சொல் சில நேரம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. யாரிடமும் எதையும் கற்காதவர் என்பது அதன் பொருள் அன்று. பாடத்திட்டம் வகுத்துத் தர ஒருவர் இல்லாத நிலையில், அடுத்து எதைக் கற்க வேண்டும் என்பதை வேலையே முடிவு செய்யவிட்டவர் என்பதே சரியான பொருள். உமர்தம்பியின் படிகளைப் பார்த்தால் இது விளங்கும். வானொலி தெரிந்ததால் தொலைக்காட்சி; மின்னணுச் சுற்று தெரிந்ததால் கணினி வன்பொருள்; கணினியைப் பராமரித்ததால் வலையமைப்பு; இணையம் கைக்கு வந்ததும், அதில் தம் மொழி சரியாகத் தெரியவில்லை என்னும் குறையிலிருந்து மென்பொருள். எந்தப் படியிலும் முந்தைய படியின் அறிவு வீணாகவில்லை.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. தனி ஒருவர் ஆக்கிய கருவி, அவர் ஓய்ந்த பிறகு கவனிப்பாரின்றிப் போகலாம். உலாவி மாறும்போது அதைத் திருத்த ஆள் வேண்டும். வைத்திருந்த தளம் மூடப்பட்டால் கருவியும் மறையும். அக்காலத்தில் வெளியான தமிழ்க் கருவிகள் பலவற்றின் இணைய முகவரிகள் இன்று திறப்பதில்லை. இலவசமாகக் கொடுப்பது ஒரு படி. மூல நிரலையும் விளக்கக் குறிப்பையும் பொதுவில் வைத்து, மற்றவர் தொடர வழி செய்வது அடுத்த படி. பிற்காலத் தமிழ்க் கணிமையர்கள் கட்டற்ற உரிமத்தை வலியுறுத்துவதற்கு இந்தப் பட்டறிவே காரணம்.

மறைவும் நினைவும்

உமர்தம்பி 2006 சூலை 12 அன்று தம் 53ஆம் வயதில் காலமானார். அவருடைய கருவிகளைப் பயன்படுத்திய பதிவர்களுள் பலர் அவரை நேரில் கண்டதில்லை. அவர் மறைந்த பிறகுதான் அவரைப் பற்றிப் பலர் விரிவாக எழுதினர். 2010 சூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அங்கு ஓர் அரங்கிற்கு உமர்தம்பியின் பெயர் சூட்டப்பட்டது. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு முறைப்படி ஏற்றதும் அதே 2010இல்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அரசு ஆணைக்குக் காத்திராமல், ஒருங்குறியில் எழுத வலைப்பதிவர்களுக்குத் துணிவு தந்தவற்றுள் தேனீயும் ஒன்று.

இன்னும் முடியாத வேலை

எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் தெரியும் இந்நாளில் இது பழங்கதை என்று தோன்றலாம். அச்சுத் தொழிலுக்குப் பேர்பெற்ற சிவகாசி வட்டாரத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநோட்டு, பட்டாசுப் பெட்டிகளுக்கான வண்ணச் சுற்றுத்தாள் என அச்சிடும் இத்தகைய ஊர்களின் அச்சகங்களில், தமிழைப் பழைய 8 பிட் எழுத்துருக்களில் அடிக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. அவ்வாறு அடித்த கோவில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர் வரலாற்று நூல்கள் ஆகியவற்றின் கோப்புகள் பழைய வட்டுகளில் கிடக்கக்கூடும். எழுத்துரு தொலைந்தால், அந்தக் கோப்பு இருந்தும் இல்லாததுதான்.

தாயில்பட்டி போன்ற ஊரில் வணிகவியலோ விலங்கியலோ படிக்கும் மாணவர் ஒருவர் இன்று இந்த வேலையைத் தொடங்க முடியும். ஒரு பழைய கோப்பை எடுத்து, அது எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று கண்டறியலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றி ஒன்றில் அதை இட்டு ஒருங்குறியாக்கலாம். பிறகு அச்சுப் படியோடு ஒப்பிட்டு, எங்கெங்கே பிழை நேர்ந்தது என்று குறிக்கலாம். ஔகாரம் உள்ள சொற்களையும், கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளையும் முதலில் பார்ப்பது நல்லது. ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அதைத் திருத்தும் சிறு நிரல் எழுதலாம். அந்த நிரலைப் பொதுவில் வைத்தால், அடுத்தவர் அதிலிருந்து தொடரலாம்.

இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு கணினி, மொழி அறிவு, குறை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடும் பொறுமை ஆகியவை போதும். அதிராம்பட்டினத்து வானொலிப் பழுதுநீக்குநர் ஒருவர் தமிழ் எழுத்துக்கு வழி திறந்ததும் அவற்றைக் கொண்டுதான்.